‘டெமெரிட்டி’ பாராட்டா, வசவா?

கேள்வி இது: “ஆங்கில நாளிதழ்க் கட்டுரை ஒன்றில், கிராமசபைக் கூட்டத்தில் அதிகாரியிடம் செலவுக் கணக்கைக் கேட்கும் ‘டெமெரிட்டி’ (temerity) ஒரு மூதாட்டிக்கு இருந்தது என்று எழுதியிருந்தார்கள். அகராதியைப் பார்த்தால் ‘துணிச்சல்’ என்றும் இருக்கிறது, ‘அசட்டுத் துணிவு’ என்றும் இருக்கிறது. அந்த அம்மாவைப் பாராட்டுகிறார்களா, திட்டுகிறார்களா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? முன்பு எப்படி வழங்கியது?”

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். டெமெரிட்டி வசவுச் சொல்தான். பாராட்டும் இடத்தில் அது வந்தால், வசவு வேறு யாருடையதோ, எழுதுபவர் அதை எடுத்துக் காட்டுகிறார் என்று படிக்க வேண்டும். அதன் மூலப்பொருளுக்குத் தமிழில் மிக நெருங்கி வரும் சொல் துணிச்சல் அல்ல, கண்மூடித்தனம். இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தச் சொல் என்னை ஒருமுறை நன்றாகவே தடுக்கி விழ வைத்திருக்கிறது.

நான் சட்ட ஆவணங்களைத் தமிழாக்கும் வேலை செய்கிறவன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு தொழிலாளர் வழக்கின் கட்டு என்னிடம் வந்தது. நிர்வாகம் ஆங்கிலத்தில் தாக்கல் செய்திருந்த பதிலுரையில் ஒரு வரி: எல்லோர் முன்னிலையிலும் மேலாளரையே கேள்வி கேட்கும் டெமெரிட்டி இந்தத் தொழிலாளிக்கு இருந்தது. நான் அகராதியைப் பார்த்துவிட்டு, “எல்லோர் முன்னிலையிலும் மேலாளரைத் துணிச்சலுடன் கேள்வி கேட்டார்” என்று எழுதிக் கொடுத்தேன். மூத்த வழக்கறிஞர் படித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, நிர்வாகம் இவரைத் திட்டுதா, இவருக்கு மாலை போடுதா?” என்று கேட்டார். அகராதி தந்த சொல்தான். ஆனால் வாக்கியம் தலைகீழாகிவிட்டது. அன்றிலிருந்து இந்தச் சொல் எங்கே வந்தாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

உச்சரிக்கும்போது ‘டெ’யை லேசாகத் தொட்டுவிட்டு ‘மெ’யில் அழுத்த வேண்டும். ஆங்கிலத்துக்குள் இது 15-ஆம் நூற்றாண்டில் வந்தது. தாய்ச்சொல் லத்தீனின் ‘தெமெரிதாஸ்’. அதற்கும் அடியில் இருப்பது ‘தெமெரே’ என்ற வினையடை. கண்டபடி, குருட்டாம்போக்கில், யோசிக்காமல் என்று அதற்குப் பொருள். அது எதிலிருந்து வந்தது என்பதில்தான் இந்தச் சொல்லின் உயிர் இருக்கிறது. இருட்டைக் குறிக்கும் ஒரு பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் அது. லத்தீனில் இருளுக்கு வழங்கும் ‘தெனெப்ரே’, லிதுவேனிய மொழியில் இருளுக்கு வழங்கும் ‘தம்சா’, சமஸ்கிருதத்தின் ‘தமஸ்’ எல்லாம் ஒரே குடும்பம். ஆக, தெமெரே என்றால் முதலில் ‘இருட்டில்’ என்றே பொருள். முன்னால் பள்ளமா மேடா என்று தெரியாமல் காலை எடுத்து வைப்பது. அச்சமின்மை அந்தச் சொல்லுக்குள் பிற்பாடு வந்தது, பார்வையின்மைதான் முதலில் இருந்தது.

இந்த உறவில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. தமஸ் என்பதிலிருந்து தாமசம் வந்தது, தமிழில் அது தாமதம் ஆனது. தமோகுணம் என்றால் மந்தம், சோம்பல், மறைப்பு. அதனால் தாமசம், தாமதம் என்பவை காலங்கடத்துவதைக் குறிக்க வந்தன. இதைக் கவனித்த நாளில் எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது. இருட்டு என்ற ஒரே வேர், லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் முன்பின் பாராமல் பாய்வதைக் குறிக்கிறது. அதே வேர் சமஸ்கிருதம் வழியாகத் தமிழுக்கு வந்து, நகராமல் கிடப்பதைக் குறிக்கிறது. யோசித்தால் இரண்டும் சரிதான். இருட்டில் மாட்டிக்கொண்டவர் ஒன்று முட்டி மோதி ஓடுவார், இல்லையென்றால் உட்கார்ந்துவிடுவார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். டெமெரிட்டி என்பதைக் கேட்டதும் நம் ‘திமிர்’ நினைவுக்கு வரும். ஒலியும் நெருக்கம், பொருளும் கிட்டத்தட்ட நெருக்கம். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். கால் திமிர்த்துப்போவது என்று சொல்கிறோமே, அந்த மரத்துப்போதலோடு சேர்ந்த சொல் அது. ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு கொண்டாடினால், அதுவே ஒரு சின்ன டெமெரிட்டி ஆகிவிடும்.

ரோமானியர்கள் இந்தச் சொல்லை எதற்கு எதிராக நிறுத்தினார்கள் என்று பார்த்தால் இருட்டுப் பொருள் இன்னும் துலக்கமாகும். கி.மு. 44-இல் முதுமையைப் பற்றி எழுதிய சிசரோ, தெமெரிதாஸ் பூத்துக் குலுங்கும் வயதுக்கு உரியது, புரூதெந்தியா முதுமை அடைகிறவர்களுக்கு உரியது என்கிறார். புரூதெந்தியா, ‘முன்கூட்டிப் பார்ப்பது’ என்ற சொல்லின் சுருங்கிய வடிவம். ஒரு பக்கம் முன்னால் பார்ப்பவர், இன்னொரு பக்கம் இருட்டில் நடப்பவர். வீரம், கோழைத்தனம் என்ற அளவுகோல் இங்கே இல்லவே இல்லை. பார்வை உண்டா இல்லையா என்பதுதான் அளவுகோல்.

இதற்குப் போர்க்களத்தில் நடந்த ஓர் உதாரணம் உண்டு. கி.மு. 217, இத்தாலியின் திராசிமேனே ஏரிக்கரை. ரோமின் எதிரியான கார்த்தேஜ் தளபதி ஆனிபால் படையோடு இத்தாலிக்குள் வந்துவிட்டான். ரோமின் கான்சல், அதாவது அந்த ஆண்டின் இரண்டு உயர் ஆட்சியாளர்களில் ஒருவரான கையுஸ் பிளமினியுஸ் அவனைத் துரத்திக்கொண்டு வருகிறார். சீண்டுவதற்காகவே ஆனிபால் வழியிலிருந்த ஊர்களை எரித்துக்கொண்டு போகிறான். இன்னொரு கான்சலின் படை வந்து சேரட்டும், பொறுங்கள் என்று உடனிருந்தவர்கள் சொல்லியும் பிளமினியுஸ் கேட்கவில்லை. ஏரிக்கும் மலைக்கும் நடுவிலிருந்த ஒடுங்கிய பாதையில், வேவு பார்க்க ஆளனுப்பாமலேயே, விடியும் நேரத்தில் படையை நுழைத்தார். ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி தாழ்வான பகுதியை மறைத்திருந்தது. மேலே மலைச்சரிவில் ஆனிபாலின் ஆட்கள். அவர்களுக்கு ஒருவரையொருவர் பார்க்க முடிந்தது, கீழே இருந்தவர்களுக்கு முடியவில்லை. ரோமானியர் தரப்பில் 15,000 பேர் அங்கேயே மாண்டார்கள், பிளமினியுசும் மாண்டார். முன்னணியில் போன சுமார் 6,000 பேர் மட்டும் வழியைப் பிளந்துகொண்டு ஒரு குன்றில் ஏறி நின்றார்கள். பின்னால் கூச்சலும் ஆயுத ஒலியும் கேட்டன. யார் ஜெயிக்கிறார்கள் என்று பனிக்குள் தெரியவில்லை. வெயில் ஏறிப் பனி விலகிய பிறகுதான் எல்லாம் முடிந்துபோனது அவர்கள் கண்ணில் பட்டது.

இதை எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி, பிளமினியுசுக்கு இயல்பிலேயே இருந்த தெமெரிதாசை அவருக்கு அதுவரை கிடைத்த வெற்றிகள் ஊட்டி வளர்த்தன என்கிறார். முன்பு இரண்டு மூன்று முறை இருட்டில் நடந்து பத்திரமாகப் போய்ச் சேர்ந்தவர், அடுத்த முறையும் விளக்கு எடுக்க மாட்டார். மனிதர்களைப் பற்றி இவ்வளவு கூர்மையாகச் சொன்ன வரிகள் குறைவு என்பேன்.

ஆனால் லிவியை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. பிளமினியுஸ் யார்? மக்கள் பிரதிநிதியாக இருந்தபோது, கி.மு. 232-இல், வடக்கே இருந்த பொது நிலத்தை ஏழைக் குடிமக்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தவர். செனட்டின் பெருங்குடியினர் அதற்காக அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. திராசிமேனேவுக்கு அடுத்த ஆண்டு, கி.மு. 216-இல், கன்னே போரில் இதைவிடப் பெரிய அழிவு. அங்கே பழி சுமந்தவர் கான்சல் வார்ரோ. லிவி அவரைக் கசாப்புக்காரரின் மகன் என்று மறக்காமல் குறிப்பிடுகிறார். அவருக்கும் அதே தெமெரிதாஸ் பட்டம். அந்தப் போரில் இறந்துபோன மேட்டுக்குடி கான்சல் பவுல்லுஸ், நிதானமானவராகச் சித்திரிக்கப்படுகிறார். இன்றைய வரலாற்று ஆசிரியர்கள் பலர் இந்தச் சித்திரத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். வார்ரோவுக்கு அதன் பிறகும் ரோம் படைப்பொறுப்புகளைக் கொடுத்தது.

இந்தச் சொல்லின் இரண்டாவது இழை இதுதான். அகராதிகள் இதைச் சரியாகச் சொல்வதில்லை என்பது என் குறை. தெமெரிதாஸ் மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களைப் பற்றிச் சொல்லும் சொல். இளைஞரைப் பற்றி முதியவர், கூட்டத்தைப் பற்றிச் செனட்டர், கசாப்புக்காரர் மகனைப் பற்றிக் குடிப்பெருமை உள்ளவர். ஒரே காரியத்தைச் செய்த பெரிய இடத்து ஆளுக்கு வேறு நல்ல சொல் கிடைத்துவிடும். அந்த மாற்றாட்டத்தை ரோமானியத் தத்துவ அறிஞர் செனெகா ஒரு கடிதத்தில் நேராகவே சொல்கிறார்: தெமெரிதாஸ் வீரம் என்ற பட்டத்துக்குள் ஒளிந்துகொள்கிறது, அடக்கத்தைச் சோம்பல் என்கிறார்கள், எச்சரிக்கையாக இருப்பவனைப் பயந்தாங்கொள்ளி என்று எடுத்துக்கொள்கிறார்கள். சொற்கள் இப்படி இடம் மாறி உட்காருவது இன்றைக்கும் நடக்கிறது, மேலே சொன்ன என் மொழிபெயர்ப்பில் நடந்ததும் அதுதான்.

பிரெஞ்சு வழியாகப் போனால் ஓர் அரச குடும்பமே இதற்குச் சாட்சி. பர்கண்டி நாட்டுக் கோமகன்கள் நான்கு தலைமுறை. முதலாமவர் பிலிப், பட்டப்பெயர் ‘லெ ஆர்தி’, அதாவது தைரியசாலி. அவர் மகன் ‘அஞ்சாத’ ஜான். அவர் மகன் ‘நல்ல’ பிலிப். அவருடைய மகன் சார்லஸ், பிரெஞ்சில் ‘லெ தெமெரேர்’. ஆங்கிலத்தில் பூட்டனாருக்கும் ‘போல்ட்’, பேரனின் மகனான இவருக்கும் ‘போல்ட்’ என்று ஒரே பட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள். தமிழில் எழுதுகிறவர்களும் ஆங்கிலத்தைப் பார்த்துத் ‘துணிச்சல்மிக்க சார்லஸ்’ என்று எழுதிவிடலாம். பிரெஞ்சுக்காரர்களோ இரண்டு பேரையும் இரண்டு சொல்லால் பிரித்து வைத்திருக்கிறார்கள். தைரியசாலி ஒருவர், கண்மூடி இன்னொருவர்.

ஏன் பிரித்தார்கள் என்பது சார்லசின் கடைசிப் பத்து மாதங்களைப் பார்த்தால் புரியும். 1476 தொடக்கத்தில் சுவிஸ் பகுதியின் கிராண்சோன் கோட்டையைப் பிடித்தார். சரணடைந்த காவல்படையினர் 400-க்கும் மேற்பட்டவர்களைத் தூக்கிலிட்டும் நீரில் மூழ்கடித்தும் கொன்றார். அந்தக் கோபத்தோடு வந்த சுவிஸ் படை மார்ச் 2-இல் அவரைத் தோற்கடித்தது. அவர் போருக்கும் கூடவே எடுத்துப் போயிருந்த நகைகளும் பட்டுத்திரைகளும் பீரங்கிகளும் பறிபோயின. மூன்று மாதத்தில் வேறொரு படையைத் திரட்டிக்கொண்டு திரும்பி வந்தார். ஜூன் 22-இல் மொரா ஏரிக்கரையில் அந்தப் படை அழிந்தது. அப்போதும் நிற்கவில்லை. நடுக்குளிர்காலத்தில், எஞ்சிய சிறு படையோடு நான்சி நகரை முற்றுகையிட்டார். 1477 ஜனவரி 5, பனியில் நடந்த போர். சில நாள் கழித்து அவருடைய உடலைக் கண்டெடுத்தபோது உறைபனியில் கிடந்தது, ஓநாய்கள் முகத்தைக் கடித்திருந்தன. கிராண்சோனில் பொருளை இழந்தார், மொராவில் மன உறுதியை இழந்தார், நான்சியில் உயிரை இழந்தார் என்று சுவிஸ் நாட்டில் எதுகையோடு ஒரு சொலவடை உண்டு. அவருக்கு ஆண் வாரிசு இல்லை. பர்கண்டி என்ற பெரிய தனியரசு அவரோடு உடைந்துபோனது.

இதே சொல் பெருமைப் பெயராகவும் ஒரு சுற்று வந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘தெமெரேர்’ என்று பெயரிட்ட பிரெஞ்சுப் போர்க்கப்பலை ஆங்கிலேயர் 1759-இல் கைப்பற்றினார்கள். பெயர் பிடித்துப்போய், 1798-இல் தாங்கள் கட்டிய 98 பீரங்கிக் கப்பலுக்கும் அதையே வைத்தார்கள். அது 1805-இல் டிரபால்கர் போரில் நெல்சனின் கப்பலுக்குத் துணை நின்று பேர் வாங்கியது. 1838-இல் அதை உடைப்பதற்கு இழுத்துப் போனதைத்தான் டர்னர் ஓவியமாக வரைந்தார். 2020-இல் வந்த பிரிட்டனின் 20 பவுண்டு நோட்டில் டர்னருக்குப் பின்னால் இருப்பது இந்தக் கப்பல்தான். கப்பலுக்குப் பெயர் வைக்கும்போது யாரும் அகராதியைத் திறப்பதில்லை, எதிரி நடுங்க வேண்டும் என்பதே கணக்கு.

திருச்சபையும் சட்டமும் இந்தச் சொல்லைக் கறாராகப் பயன்படுத்தின. கத்தோலிக்க இறையியலில் ஒரு கருத்தைக் கண்டிப்பதற்குப் படிநிலைகள் உண்டு. எல்லாவற்றிலும் கடுமையானது ‘திரிபுக் கொள்கை’ (ஹெரெசி). அதற்கு வெகு கீழே ஒரு படியில் இருப்பது ‘தெமெரேரியா’. போதிய ஆதாரமின்றி, ஏற்கெனவே நிலைபெற்ற போதனையை மீறிச் சொல்வது என்று அதற்குப் பொருள். 1713-இல் வந்த உனிகெனிதுஸ் என்ற திருத்தந்தை ஆணை, பிரெஞ்சு இறையியலாளர் கெனெலின் 101 கூற்றுகளைக் கண்டித்தபோது அடுக்கிய பட்டங்களில் இதுவும் ஒன்று. சரியான ஆதாரமில்லாமல் அடுத்தவரைக் குற்றவாளி என்று மனத்துக்குள் முடிவு கட்டுவதற்கும் அங்கே இதே அடைமொழிதான்.

திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் (பயஸ்) ஆட்சியில் 1907-இல் வெளியான திருமண ஆணையின் பெயரே ‘நே தெமெரே’. முன்யோசனையின்றி ரகசியத் திருமணங்கள் நடந்துவிடாதபடி, என்று தொடங்கும் முதலிரு சொற்களே பெயராகிவிட்டன. பங்கு குருவும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் கத்தோலிக்கர் செய்துகொள்ளும் திருமணம் செல்லாது என்றது அது. நம்மூர்த் தேவாலயங்களில் கல்யாணத்துக்கு முன் ஓலை வாசித்து அறிவிப்பதும் இதே கவலையில் பிறந்த வழக்கம்தான். அயர்லாந்தில் மட்டும் அந்த இரண்டு சொற்கள் பெரிய காயமாகிவிட்டன. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் மணந்துகொண்ட குடும்பங்களில் அந்த ஆணை பிளவை உண்டாக்கியது, பல பத்தாண்டுகளுக்கு ‘நே தெமெரே’ என்றாலே அங்கே குடும்பச் சண்டை என்று அர்த்தம்.

ரோமச் சட்டத்தில் இன்னும் பழைய இடம் இருக்கிறது. கி.பி. 533-இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டப் பாடநூலின் நான்காம் பகுதியில் ஒரு தலைப்பு, தெமெரே வழக்காடுகிறவர்களுக்கான தண்டனை. நாம் வம்பு வழக்கு என்கிறோமே, அது. ஆதாரமே இல்லாமல் கோர்ட்டுக்குப் போகிறவரிடம் சத்தியம் வாங்குவது, அபராதம் போடுவது என்று விதிகள் வைத்திருந்தார்கள்.

லத்தீனில் ‘தெமெராரே’ என்று ஒரு வினைச்சொல்லும் உண்டு. அதற்குப் பொருள் புனிதமானதைத் தீண்டிக் கெடுப்பது. இருட்டில் நடக்கிறவர் எதை மிதிக்கிறோம் என்று பார்ப்பதில்லை என்ற எண்ணத்திலிருந்து வந்திருக்க வேண்டும். மாசுபடாத என்ற பொருளில் ‘இன்தெமெராத்தா’ என்று மரியாளை விளிக்கும் இடைக்கால ஜெபம் ஒன்று பிரபலம். ஆங்கிலத்தில் ‘இன்டெமரேட்’ என்று ஒரு சொல் அகராதிகளில் இருக்கிறது, புழக்கத்தில் காண்பது அரிது.

இனி ஆங்கிலத்துக்குள் அதன் அண்டை வீட்டுக்காரர்களைப் பார்க்கலாம். முன்பின் யோசிக்காத செயலுக்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் இருந்தாலும் ஒவ்வொன்றும் வேறு குறையைச் சுட்டுகிறது. ‘ராஷ்’ என்பதன் அடியில் இருப்பது வேகம். ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பு இன்றும் விரைவு என்ற பொருளில்தான் வழங்குகிறது. ‘ரெக்லெஸ்’ என்பதில் இருப்பது அக்கறையின்மை. ‘ஃபூல்ஹார்டி’யில் முட்டாள்தனமும் தைரியமும் ஒட்டிப் பிறந்திருக்கின்றன. டெமெரிட்டியில் இருப்பது குருட்டுத்தனம். வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அமெரிக்க அகராதி, ஆபத்தை நியாயமின்றி அலட்சியம் செய்வது என்று இதற்குப் பொருள் சொல்லி, போரில் ஒரு தளபதியின் டெமெரிட்டி என்று உதாரணம் காட்டுகிறது. வள்ளுவர் இதை “அஞ்சுவது அஞ்சாமை பேதைமை” என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டார்.

‘ராஷ்’ என்ற சொல்லுக்கு நம் மண்ணிலேயே ஒரு கதை உண்டு, அதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870-இல் 304-ஏ பிரிவைச் சேர்த்தார்கள், அவசரச் செயலாலோ அலட்சியத்தாலோ உயிரிழப்பு ஏற்படுத்துவது பற்றியது. 2024 ஜூலை முதல் அது புதிய சட்டத்தின் 106-ஆம் பிரிவுக்குள் போய்விட்டது. அங்கே வரும் ராஷ், நெக்லிஜென்ட் என்ற இரண்டு சொல்லையும் எப்படிப் பிரிப்பது என்ற கேள்விக்கு 1872-இல் மதராஸ் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஹாலோவே தந்த விளக்கம் இன்றுவரை நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது. தீங்கு வரலாம் என்று தெரிந்தே, வராது என்ற நம்பிக்கையில் செய்வது முதலாவது. வரலாம் என்ற நினைப்பே இல்லாமல், எடுத்திருக்க வேண்டிய எச்சரிக்கையை எடுக்காமல் செய்வது இரண்டாவது.

நம் காவல் நிலைய முதல் தகவல் அறிக்கைகளில் இந்த இரண்டும் “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்” என்று ஆகிவிட்டன. எந்த விபத்துச் செய்தியிலும் பார்த்திருப்பீர்கள். எதுகை மோனையோடு காதில் நன்றாகத்தான் ஒலிக்கிறது, ஆனால் ராஷ் என்பது வெறும் அதிவேகம் அல்ல. வேகமாக ஓட்டினார் என்பது மட்டுமே குற்றத்தை நிரூபித்துவிடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. முட்டுச்சந்தில் மெதுவாகப் பின்னால் எடுக்கும்போதும், குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்துவிட்டு, ‘ஒதுங்கிவிடுவார்கள்’ என்று நினைத்து எடுத்தால் அது ராஷ்தான். ஹாலோவே சொன்ன அந்த நம்பிக்கை, ‘ஒன்றும் ஆகாது’ என்ற அந்த எண்ணம், பிளமினியுஸ் மூடுபனிக்குள் கொண்டுபோன அதே எண்ணம்.

இன்றைய ஆங்கிலத்தில் டெமெரிட்டி போர்க்களத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. தளபதிகளைப் பற்றிப் பேசும்போது இதை அரிதாகத்தான் பார்க்கிறோம். பத்தில் ஒன்பது இடங்களில் ‘இன்னதைச் செய்யும் டெமெரிட்டி அவருக்கு இருந்தது’ என்ற ஒரே வாய்ப்பாட்டில்தான் வருகிறது. அந்த ‘இன்னது’ பெரும்பாலும் பேச்சு சம்பந்தப்பட்டது. கேட்டார், மறுத்தார், திருத்தினார், சந்தேகப்பட்டார். கேட்டது யாரிடம் என்று பாருங்கள், எப்போதும் தன்னைவிட மேலே இருப்பவரிடம். நம் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் உத்தரவை மீறியவரைக் கடியும்போது இதே வாய்ப்பாடு வரும். இருட்டு என்ற பழைய பொருள் உதிர்ந்துவிட்டது, தராதரம் என்ற இரண்டாவது இழை மட்டும் கெட்டியாக நிற்கிறது.

‘ஆடாசிட்டி’ இதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அதன் வேர் ‘துணிதல்’. அதனால் அதற்குப் பாராட்டும் முகம் ஒன்று எப்போதும் உண்டு. 1792-இல் பாரிசில் பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் தாந்தோன் “துணிச்சல், இன்னும் துணிச்சல், எப்போதும் துணிச்சல்” என்று முழங்கியபோது சொன்னது அதன் பிரெஞ்சு வடிவத்தைத்தான். டெமெரிட்டியை வைத்து அப்படி ஒரு முழக்கம் எழுப்ப முடியாது. ‘எஃப்ரண்டரி’ வெட்கங்கெட்டதனம். துடுக்கைக் குறிக்கும் இன்னொரு ஆங்கிலச் சொல்லான ‘கால்’ (gall) என்பதன் நேர்ப்பொருள் பித்தநீர். நாம் கொழுப்பு என்கிறோம், அவர்கள் பித்தம் என்கிறார்கள், இரண்டு ஊரிலும் அடுத்தவரின் துடுக்கை அவர் உடம்புக்குள்தான் தேடியிருக்கிறார்கள்.

இன்னொன்று, ‘டிமிடிட்டி’யோடு இதைக் குழப்பிவிடாதீர்கள். அது பயந்த சுபாவம், நேர் எதிர். லத்தீனிலேயே ‘தெமெரே’ குருட்டாம்போக்கு, ‘திமேரே’ அஞ்சுதல். தட்டச்சில் கை தவறினால் பொருள் கவிழ்ந்துவிடும்.

தமிழில் ஏன் துணிச்சல் பொருந்தவில்லை என்பதற்கு வருகிறேன். துணித்தல் என்றால் வெட்டுதல். சந்தேகங்களை வெட்டி முடிவுக்கு வருவது துணிதல். “எண்ணித் துணிக கருமம்” என்ற குறளில் துணிக என்பதற்கு ‘முடிவு செய்க, இறங்குக’ என்றுதான் பொருள், ‘பயப்படாதே’ என்றல்ல. அதாவது நம் துணிவுக்குள் ஏற்கெனவே ஓர் எண்ணிப் பார்த்தல் இருக்கிறது. டெமெரிட்டியில் இல்லாதது எதுவோ அதுதான் துணிவில் இருக்கிறது. அதனால்தான் நாம் ‘அசட்டு’, ‘குருட்டு’, ‘முரட்டு’ என்று முன்னால் ஒன்றை ஒட்டவைத்து அந்த எண்ணத்தைக் கழிக்க வேண்டியிருக்கிறது. போர், சூதாட்டம், முதலீடு, மலையேற்றம் என்று ஆபத்து சம்பந்தப்பட்ட இடமானால் கண்மூடித்தனம் அல்லது அசட்டுத் துணிச்சல் என்று எழுதுங்கள். ஆள் சம்பந்தப்பட்ட இடமானால் துடுக்கு என்று எழுதலாம், அதுகூடப் பெரியவரைச் சின்னவராக்கிவிடும். பெரும்பாலும் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைக்குப் போவதுதான் நல்லது.

தன்னைப் பற்றியே ஒருவர் ‘எனக்கு இந்த டெமெரிட்டி இருக்கிறது, மன்னியுங்கள்’ என்று சொல்வதும் ஆங்கிலத்தில் மரபு. மூத்த அறிஞரின் நூலுக்கு மாற்றுக் கருத்து எழுதும்போது முன்னுரையில் வரும். நமக்கு அது புதிதே அல்ல, அவையடக்கம். பாற்கடலை முழுவதும் நக்கிவிடலாம் என்று புறப்பட்ட பூனையைப் போல நான் இராமன் கதையைச் சொல்ல வந்தேன் என்று கம்பர் தொடங்குகிறாரே, அந்தப் பூனையின் ஆசையைத்தான் ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்கள். இந்த இடத்தில் மட்டும் சொல்லில் வசவு இருந்தும் கசப்பு இல்லை, திட்டுபவரும் திட்டப்படுபவரும் ஒரே ஆள் என்பதால்.

சரி, உங்கள் மூதாட்டிக்கு வருவோம். கட்டுரையாளர் அந்த அம்மாவின் பக்கம் நிற்கிறார் என்றே நினைக்கிறேன். செலவுக் கணக்கைக் கேட்பது கிராமசபையில் அவருக்கு உள்ள உரிமை, அதில் இருட்டும் இல்லை, குருட்டும் இல்லை. மேடையில் இருந்தவருக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்பதை அந்த ஒரு சொல்லில் வைத்திருக்கிறார். தமிழில் நானாக இருந்தால், “அந்த அம்மா அதிகாரியிடமே செலவுக் கணக்கைக் கேட்கத் துணிந்துவிட்டார்” என்று எழுதுவேன். அந்த ‘ஏ’காரத்திலும் ‘விட்டார்’ என்பதிலும் மேடையில் இருந்தவரின் முகம் தெரியும், கேட்டதில் தப்பில்லை என்பதும் தெரியும். என் தொழிலாளியின் வரியையும் அன்று இப்படித்தான் திருத்தினோம்: “எல்லோர் முன்னிலையிலும் மேலாளரையே கேள்வி கேட்கும் அளவுக்குத் துணிந்துவிட்டார்.” மூத்த வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டு, “இப்பதான் நிர்வாகத்தோட குரல் கேக்குது” என்று சொல்லிக் கட்டை மூடி வைத்தார்.